கவரிங் லெட்டரின் இரண்டாவது பத்தி

வேலை கிடைத்துவிட்டது என்று போன வாரமே சந்தோஷப்பட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குக் கிடைத்தது வேலை இல்லை, ஒரு போன். நாளை மறுநாள் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி ஒரு பெண் குரல் கூப்பிட்டது. அண்ணன் எழுந்து நின்று, "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று சுவரைப் பார்த்துத் தலையாட்டினான். அண்ணி கை ஈரத்தைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து அவன் முகத்தைப் பார்த்தாள். போன வாரத் தொடரை அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அண்ணன், அண்ணி என்று இவர்களைக் கூப்பிட உரிமை உள்ளவள் ஒருத்திதான், அண்ணனின் தங்கை. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு நமக்கும் அதுவே பழகிவிட்டது. அந்தத் தங்கைக்கு வீட்டில் வைத்த செல்லப்பெயர் கடுகு. சின்ன உருவம், சூடு ஏறினால் வெடிப்பாள். இப்போதெல்லாம் வெடிப்பது குறைந்துவிட்டது. கட்டியவனோடு ஒத்துப்போகாமல் பிரிந்து வந்தவள், இரண்டு தெரு தள்ளி ஓர் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறாள். பகலெல்லாம் ஒரு துணிக்கடையில் நின்றபடியே விலைச்சீட்டு குத்துகிறாள்.

அதற்கு முன்னால் அவளும் அண்ணனும் ஒரே மருந்துக் கிடங்கில் இருந்தார்கள். அவன் மேற்பார்வையாளன், அவள் பேக்கிங். கிடங்கை மூடினார்கள், எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. கடுகு கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தான். போட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணி வேலை பார்ப்பதே வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில்தான். வருகிற விண்ணப்பங்களை முதலில் புரட்டுவது அவள் கை. படித்து மூன்று அடுக்காக வைப்பாள். கூப்பிடலாம், யோசிக்கலாம், பாவம். மூன்றாவது அடுக்குக்கு அந்தப் பெயரை வைத்தவளும் அவளேதான். அதுதான் எப்போதும் உயரமாக இருக்கும்.

இப்படிப்பட்டவளின் புருஷன் தன் கவரிங் லெட்டரை அவளிடம் காட்டவே இல்லை. வெட்கம். போன மாதம் அவள் தற்செயலாகப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"'தங்கள் மேலான நிறுவனத்தில் ஏதேனும் ஒரு பணி வழங்கி அடியேனை வாழவைக்குமாறு...' ஏங்க, நீங்க வேலை கேக்கறீங்களா, வரம் கேக்கறீங்களா?"

"மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்."

"மரியாதைக்கு ஒரு வணக்கம் போதும். ஏதேனும் ஒரு பணின்னா, எந்த வேலைன்னு உங்களுக்கே தெரியலைன்னு அர்த்தம். 'கடின உழைப்பாளி, நேர்மையானவன்.' இதை எழுதாதவன் யாரு? திருடன்கூட எழுதுவான். நீங்க செஞ்ச ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்க. படிக்கறவ கண்ணு முன்னாடி அது நடக்கணும். நேர்மை, உழைப்பு எல்லாத்தையும் அவளே கண்டுபிடிச்சுக்குவா."

அண்ணன் வெகுநேரம் யோசித்தான். பிறகு, கிடங்கில் குளிர் அறை நின்றுபோன கதையைச் சொன்னான். அண்ணிக்குத் தெரிந்த கதைதான். சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் யாராவது கேட்பார்கள், அவன் சொல்வான். "இதை வெச்சுக்கிட்டா அடியேன் அடியேன்னு எழுதிட்டிருந்தீங்க?" என்று திட்டிக்கொண்டே அண்ணி எழுதினாள். புதிதாக மருந்துக் கிடங்கு திறக்கப்போகிற அந்தக் கம்பெனி குளிர் அறைக்கு ஒரு பொறுப்பாளரைத் தேடுகிறது. அவர்களுடைய தேவை என்ன என்பதிலிருந்து முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் அந்தக் கதை. கடைசியில், எப்போது வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி. ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை.

"யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றான் அண்ணன். "கடுகுக்கும்தான். கூடி வரட்டும்."

இந்தக் குடும்பத்தின் வழக்கம் அது. கூடி வருகிற வரைக்கும் எதையும் யார் காதிலும் போட மாட்டார்கள். சொல்லிவிட்டுக் கிடைக்காமல் போனால், "என்ன ஆச்சு?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே ஆயுசு போய்விடும். நியாயம்தான். அந்த நியாயம்தான் இன்றைக்கு இவர்கள் தலையில் விடிந்தது.

*

காலையில் அண்ணி லீவு போட்டுவிட்டாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, அண்ணனை அந்தப் பக்கம் உட்காரவைத்து, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"வணக்கம். உங்க லெட்டர்ல குளிர் அறை பழுதானதைப் பத்தி எழுதியிருக்கீங்க. கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க."

"இப்படியா முறைச்சுக்கிட்டுக் கேப்பாங்க?"

"நான் முறைக்கலை. என் மூஞ்சியே அப்படித்தான். சொல்லுங்க."

"கரன்ட் போச்சு. ஜெனரேட்டர் வந்துச்சு. ஆனா குளிர் அறை கம்ப்ரஸர் மட்டும் ஓடலை. இன்சுலின், தடுப்பு மருந்து எல்லாம் உள்ளே இருந்துச்சு. எல்லாத்தையும் பெட்டிக்கு மாத்தினோம். ஒண்ணும் வீணாகலை."

"மாத்தினோம்னா யாரு? யார் முடிவெடுத்தது?"

அண்ணன் மேஜையில் இல்லாத ஒரு கறையைத் தேய்த்தான். "அந்த ஷிப்ட் என் பொறுப்பு."

"அதைத்தானே கேக்கறேன். அப்போ நிமிர்ந்து உக்காந்து சொல்லுங்க. ஏதோ அடுத்தவன் சட்டையைப் போட்டுட்டு வந்த மாதிரி நெளியறீங்க."

"வேற கேள்வி கேளேன்."

"இதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காங்க. இதைத்தான் கேப்பாங்க."

"அந்த ரெண்டாவது பத்தி இல்லாம அனுப்பியிருக்கலாம்" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்துவிட்டாள். அனுப்பி, படித்து, கூப்பிட்டும் ஆயிற்று. இப்போது போய் இது என்ன பேச்சு? பயம் என்று நினைத்தாள். ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் வருகிற பயம். "போய் முடி வெட்டிக்கிட்டு வாங்க, தலை தெளிஞ்சா மனசும் தெளியும்" என்று அனுப்பிவைத்தாள்.

அவன் தெருமுனை திரும்பியிருப்பான், கடுகு வந்து நின்றாள்.

கடையில் சாப்பாட்டு இடைவேளை. ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணன் இல்லையே?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"முடி வெட்டப் போயிருக்கார். ஏன்?"

"நல்லதாப் போச்சு. அண்ணி, எனக்கு ஒரு உதவி பண்ணணும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. கூடி வர்ற வரைக்கும்."

போனை நீட்டினாள். அதில் ஒரு விளம்பரம். கம்பெனியின் பெயரைப் படித்ததும் அண்ணி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அதே கம்பெனி, அதே குளிர் அறைப் பொறுப்பாளர். இருப்பது ஒரே ஒரு இடம்.

"படிப்பு கேக்கலை அண்ணி, அனுபவம் போதுமாம். வர வரப் படிச்சு, வர வரக் கூப்பிடறாங்களாம். இன்னிக்குச் சாயங்காலத்தோட கடைசி. பயோடேட்டாவைக் கடையில கம்ப்யூட்டர் பாக்கற பொண்ணு அடிச்சுக் குடுத்துட்டா. கவரிங் லெட்டர் நீங்கதான் எழுதணும். கீழ்வீட்டு டிரைவருக்கு எழுதிக் குடுத்தீங்களே, அந்த மாதிரி."

சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். கணுக்காலுக்கு மேலே செருப்பு வார் பதிந்த கோடு ஆழமாக இருந்தது.

"நின்னு நின்னு வீங்கிப் போகுது அண்ணி. சாயங்காலம் செருப்புக்குள்ள கால் நுழைய மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்ச வேலைன்னா அது ஒண்ணுதான். மருந்தைக் கெடாம வெச்சிருக்கறது."

அண்ணி வாயைத் திறந்தாள். உங்க அண்ணனும் அங்கேதான் போட்டிருக்கார், கூப்பிட்டும் ஆச்சு. இரண்டே வாக்கியம். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். "அப்படியா? அண்ணனுக்குக் கிடைக்கட்டும்" என்று எழுந்து போய்விடுவாள். வீங்கின காலோடு கடைக்குப் போய் நிற்பாள். மறுபடி இதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

எழுதிக் கொடுப்போம், கம்பெனி பார்த்து யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அண்ணி முடிவுக்கு வந்தாள். நல்ல முடிவு என்றுதான் நினைத்தாள். லேப்டாப்பைத் திறந்து, எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"நீ செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லு."

கடுகு வாசலைப் பார்த்தாள். "ஒண்ணு இருக்கு. எழுதலாமான்னுதான் தெரியலை."

"சொல்லு, பாக்கலாம்."

"ஒரு தடவை கரன்ட் போய் கம்ப்ரஸர் ஓடலை. எல்லாரும் கதவைத் திற, என்ன ஆச்சுன்னு பாருன்னு கத்தறாங்க. நான் விடலை. திறந்தா இருக்கற குளிரும் போயிடும். ஒருத்தன் பக்கத்துல இருக்கற ஃப்ரீசர்ல எல்லாத்தையும் கொட்டுங்கறான். ஃப்ரீசர்ல வெச்சா உறைஞ்சுடும், உறைஞ்சா அந்த மருந்து குப்பைக்குத்தான். ஐஸ் பேக்கை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பி, வேர்க்கிற வரைக்கும் காத்திருந்தேன். அதை நேரா மருந்துகூட வெச்சாலும் மருந்து உறைஞ்சுடும்ல. வேர்த்தப்புறம் பெட்டியில அடுக்கி, ஒரே தடவை கதவைத் திறந்து, வரிசையா நின்னு கைமாத்தி... ஒரு பாட்டில் போகலை அண்ணி."

அண்ணியின் விரல்கள் நின்றுவிட்டன. முதலில் வந்தது கோபம். அவர் செய்த காரியத்தை இவள் செய்ததாகச் சொல்கிறாளே! கூடவே நின்று நாலு பெட்டி தூக்கியிருப்பாள், அதற்காக இப்படியா?

"அப்போ உங்க அண்ணன் எங்கே இருந்தாரு?" குரல் அவளையும் மீறிக் கடுத்தது. "அது அவர் ஷிப்ட் ஆச்சே."

கடுகு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"கேக்கறேன்ல?"

"உங்க பக்கத்துல அண்ணி."

"என்ன?"

"அன்னைக்குத்தான் உங்களுக்கு ஆபரேஷன். லீவு கேட்டாரு, ஆள் இல்லைன்னு குடுக்கலை. கையெழுத்துப் போட்டுட்டு முள்ளு மேல நிக்கற மாதிரி நின்னாரு. நான்தான் போன்னு சொன்னேன், நான் பாத்துக்கறேன்னு. பின்வாசல் வழியாப் போனாரு. அவர் போனதும் கரன்ட் போச்சு."

வயிற்றில் கட்டி என்று சொல்லி உள்ளே கொண்டுபோன நாள் அது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தான். குளிர் அறைக்குப் போகும்போது போடுகிற அந்தத் தடித்த கோட்டைக்கூடக் கழற்றாமல், வேர்த்து வழிந்துகொண்டு, அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறான் என்று நினைத்து அவள் உருகிப்போனாள். இத்தனை வருஷமாக அந்த நினைப்பிலேயே அவனுடைய எத்தனையோ தப்பை மன்னித்திருக்கிறாள். குளிர் அறைக் கதையையும் அத்தனை தடவை கேட்டிருக்கிறாள். இரண்டும் ஒரே நாள் என்று யாரும் சொன்னதில்லை.

"மேனேஜர் போன் பண்ணிக் கேட்டப்போ, 'உள்ளே குளிர் அறையில இருக்காரு, வெளியே வர முடியாது'ன்னு சொல்லிட்டேன்" என்றாள் கடுகு. "மறுநாள் எல்லார் முன்னாடியும் அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க. அப்போ அண்ணன் என்ன சொல்ல முடியும்? நான் இங்கேயே இல்லைன்னா? அவர் வேலையும் போயிருக்கும், என்னுதும் போயிருக்கும். அந்த வருஷம்தான் மேற்பார்வையாளர் ஆனாரு. நல்லதுதானே நடந்துச்சு?"

அண்ணி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணி, இதை எழுத வேண்டாம். எல்லாரும் அவர் கதைன்னு சொல்றது. மாத்திச் சொன்னா நல்லா இருக்காது."

அண்ணி அந்தத் தயக்கத்தைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். அதற்காகப் பின்னால் வெகுநாள் வெட்கப்படப்போகிறாள், ஆனாலும் பிடித்துக்கொண்டாள். "ஆமா, வேற மாதிரி எழுதலாம்" என்றாள். எழுதினாள். தங்கள் விளம்பரம் கண்டேன். மருந்துக் கிடங்கில் அனுபவம் உண்டு. பொறுப்புடனும் ஈடுபாட்டுடனும் பணியாற்றுவேன். வாய்ப்பளித்தால் என் திறமையை நிரூபிப்பேன்.

கடுகு உதடு அசையப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"சூப்பரா இருக்கு அண்ணி. பொறுப்புடனும் ஈடுபாட்டுடனும்! எனக்கெல்லாம் இப்படி வருமா?"

இந்த லெட்டர் தன் மேஜைக்கு வந்திருந்தால் எந்த அடுக்கில் போட்டிருப்போம் என்று அண்ணிக்குத் தெரியும். இரண்டாவது வரியைத் தாண்டியிருக்க மாட்டாள். கடுகுக்கு அது தெரியாது. அண்ணி எழுதினால் தப்பாக இருக்காது என்ற நம்பிக்கையில் அனுப்புகிற பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"இரு" என்றாள் அண்ணி. "அனுப்பாதே."

"ஏன்?"

அப்போதுதான் அண்ணன் உள்ளே வந்தான். கழுத்தில் வெட்டின முடி ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கையைப் பார்த்தான், திறந்திருந்த லேப்டாப்பைப் பார்த்தான், கடைசியில் அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு விளங்கிவிட்டது.

*

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? அண்ணி அவனுடைய லெட்டரைத் திறந்து கடுகின் பக்கம் திருப்பிவைத்தாள்.

"உங்க அண்ணனும் அங்கேதான் போட்டிருக்கார். நாளைக்குக் கூப்பிட்டிருக்காங்க. நான் எழுதினது. உண்மை தெரியாம எழுதிட்டேன்."

கடுகு படித்தாள். அண்ணி அதில் தன் வித்தையை எல்லாம் காட்டியிருந்தாள். *கம்ப்ரஸர் நின்றதும் நான் முதலில் செய்தது, குளிர் அறையின் கதவை யாரும் திறக்காமல் தடுத்ததுதான்* என்று ஆரம்பிக்கும் அந்தப் பத்தி. கடுகு ஒரு முறை படித்துவிட்டு, விரலை வைத்து இன்னொரு முறை படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க அண்ணி. நான் செஞ்சது இவ்வளவு பெரிய காரியம்னு எனக்கே தெரியாது."

குரலில் குத்தல் இல்லை. அதனால்தான் அண்ணனால் நிற்க முடியவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"திட்டு" என்றான்.

"எதுக்கு? போகச் சொன்னது நான்தானே."

"போகச் சொன்னே. உன் காரியத்தை எடுத்துக்கன்னு சொல்லலையே. மேனேஜர் கையைக் குலுக்கினப்போ பேசாம இருந்தேன், அது பயம். அப்புறம் நானே சொல்ல ஆரம்பிச்சேன். எப்போன்னுகூட ஞாபகம் இல்லை. சொல்லச் சொல்ல, நானே அங்கே நின்ன மாதிரி ஆகிப்போச்சு. அந்த ஐஸ் பேக் வேர்க்கறதுகூடக் கண்ணுல தெரியும் எனக்கு."

"தெரியும்ல? எப்படித் தெரியாம இருக்கும்?" கடுகு எழுந்துவிட்டாள். "மறுநாள் உக்காரவெச்சு ஒண்ணு விடாம என்கிட்ட கேட்டுக்கிட்டியே! நீ அந்தக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் எழுந்து தண்ணி எடுக்க உள்ளே போவேன், பாத்திருக்கியா? ஒரு தடவையாவது பாத்திருக்கியா? எனக்கென்ன அவ்வளவு தாகமா அண்ணா?"

நெடுநாள் கழித்து வெடித்திருக்கிறாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணிக்கு அழுகை முட்டியது. அவளும் பார்த்திருக்கிறாள். "பாவம், எப்பப் பாரு அடுப்படி வேலையே கதின்னு இருக்கா" என்று பரிதாபப்பட்டும் இருக்கிறாள்.

கடுகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி, விடு. நான் போடலை. நீயே போ. உனக்குக் கூப்பிட்டு வேற விட்டாங்க. ஒரு வருஷமா மூலையில உக்காந்திருக்கே, பாக்க முடியலை."

"எழுது" என்றான் அண்ணன், அண்ணியைப் பார்த்து. "அவளுக்கு அவளோடதை எழுது."

"ரெண்டு லெட்டரும் ஒரே மேஜைக்குத்தான் போகும்" என்றாள் அண்ணி. "படிக்கறவங்க ஒண்ணும் தெரியாதவங்க இல்லை. ஒரே கிடங்கு, ஒரே சம்பவம். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய்னு உடனே தெரிஞ்சுடும்."

"தெரியட்டும். நாளைக்கு நேர்ல போய் நானே சொல்லிடறேன்."

"வேலை போயிடும் அண்ணா."

"இருந்தாத்தானே போறதுக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி பொறுப்புடனும் ஈடுபாட்டுடனும் என்பதை எல்லாம் அழித்தாள். அண்ணன் அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

"ஃப்ரீசர் வேண்டாம்னு சொன்னதைப் போடு. அந்த வேலை தெரிஞ்சவங்களுக்கு அது ஒண்ணு போதும். நானா இருந்தா பதறிப்போய் எல்லாத்தையும் அதுலதான் கொட்டியிருப்பேன்."

கடுகு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

எழுதி முடித்ததும் அண்ணி வாய்விட்டுப் படித்தாள். நான் தடுத்தேன், நான் காத்திருந்தேன், நான் திறந்தேன் என்று வந்த இடத்திலெல்லாம் கடுகு நெளிந்தாள். "இத்தனை நான் வேணுமா அண்ணி? எல்லாரும்தானே தூக்கினாங்க?" என்றாள். "தூக்கினவங்களையும் சேர்த்திருக்கேன். ஆனா முடிவெடுத்தது நீ. அதைச் சொல்லக் கூச்சப்பட்டா வீட்டுலயே உக்காந்துக்க" என்று அண்ணி அதட்டினாள். அனுப்பியாயிற்று. கடுகு கடைக்கு ஓடினாள், அண்ணன் கழுத்து முடியைக் கழுவப் போனான். அண்ணி மேஜைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். புருஷனுக்குக் குழி வெட்டினோமா, நாத்தனாருக்கு நியாயம் செய்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றியது.

*

சாயங்காலம் கடுகு கடையிலிருந்து நேராக இங்கேயே வந்தாள். மூன்று பேரும் ஆளுக்கொரு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் போன் அடித்தது.

அந்தப் போன் ஒரு முறை கீழே விழுந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது. ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும். அண்ணனுக்கு அந்தக் குரல் உடனே தெரிந்தது. நேற்று வரையில் அதற்காகத்தான் தவம் கிடந்தான்.

பெயர் கேட்டது. விண்ணப்பம் கிடைத்தது என்றது. லெட்டர் நன்றாக இருந்தது என்றது. கடுகு, "சரிங்க மேடம்" என்று எழுந்து நின்றாள். குடும்பமே அப்படித்தான்.

"ஒரு விஷயம் கேக்கணும். இதே சம்பவத்தை இன்னொருத்தரும் எழுதியிருக்கார். அதே கிடங்கு. நாளைக்கு அவரை வரச் சொல்லியிருக்கோம். அவரை உங்களுக்குத் தெரியுமா?"

கடுகு அண்ணனைப் பார்த்தாள். தெரியாது என்று சொன்னால் என்ன என்ற யோசனை அவள் முகத்தில் ஓடியதை அண்ணி கண்டாள். பழக்கம் அப்படி. அண்ணன் கையை நீட்டி, மேஜையில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மேடம், அது நான்தான். இவங்க என் தங்கச்சி. அவங்க எழுதினதுதான் உண்மை. நான் அன்னைக்கு அங்கே இல்லை."

மறுமுனையில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அந்த ஷிப்ட் உங்க பொறுப்புன்னு எழுதியிருக்கீங்க."

"பொறுப்பு என்னுது. ஆனா நடுவுல வெளியே போயிட்டேன். அனுமதி வாங்கலை."

"நிர்வாகத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"குளிர் அறை நின்னுபோயிருக்கு, பொறுப்பாளர் இல்லை, அது மேல இருக்கறவங்களுக்குத் தெரியாது." அந்தக் குரல் ஒவ்வொன்றாக எடுத்துவைத்தது. கோபம் இல்லை, அதனால் இன்னும் பயமாக இருந்தது. "மருந்து விஷயம். எங்களுக்கு இதுதான் முக்கியம், அதனால கேக்கறேன். அன்னைக்கு மேலே இருந்து உங்களைக் கேட்டிருப்பாங்களே, நீங்க உள்ளே இருக்கறதா அவங்ககிட்ட யார் சொன்னது?"

இதை அண்ணன் நினைத்துப்பார்க்கவில்லை. அண்ணியும் நினைத்துப்பார்க்கவில்லை. தன்னைத் தானே காட்டிக்கொடுப்பதோடு முடிந்துவிடும் என்று இருவருமே நம்பியிருந்தார்கள்.

"தெரியலைங்க மேடம்" என்றான் அண்ணன். "யாரோ சொல்லியிருப்பாங்க. எனக்கு ஞாபகம் இல்லை."

மறுபடி ஒரு பொய். இந்தத் தடவை தங்கைக்காக. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அப்படியே விட்டுவிடு தாயே, அந்தக் குரல் நம்பிவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

கடுகு காபி டம்ளரைத் தள்ளிவைத்தாள். மேஜையின் மேல் குனிந்தாள். இத்தனை வருஷத்தில், செய்த நல்லதைத் தன்னுடையது என்று வாய் திறந்து சொல்லத் தெரியாதவள், மத்தியானம் அந்த லெட்டரைப் படித்தபோதுகூட நெளிந்தவள், இப்போது கொஞ்சமும் நெளியவில்லை.

"நான்தான் மேடம்" என்றாள். "நான்தான் சொன்னேன்."

போன் வைக்கப்படவில்லை. பின்னணியில் யாரோ நடந்துபோகிற சத்தமும், ஒரு கதவு சாத்தப்படுகிற சத்தமும் கேட்டன. அண்ணன் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லைன்லயே இருங்க" என்றது குரல்.